45 மெகாபிக்சல் டிஎஸ்எல்ஆர்: சேலம், ஏற்காடு படக்காரர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

கொலுசுப் பட்டறைக்கு கேட்லாக் எடுப்பவர்கள், இளம்பிள்ளை சேலைக் கடைகளுக்கு எடுப்பவர்கள், ஏற்காட்டில் ஆர்க்கிட் பின்னால் சுற்றுபவர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி சந்தேகங்கள்தான் வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே தொகுத்திருக்கிறோம். பதில்கள் நிக்கான் டி850-ஐ வைத்து எழுதப்பட்டவை. மெனுப் பெயர்களும் அதனுடையவையே. ஒளியியல் சம்பந்தப்பட்டவை டி810, கேனான் 5டிஎஸ் ஆர் வைத்திருப்பவர்களுக்கும் அப்படியே பொருந்தும்.

45 மெகாபிக்சல்னா என்ன கணக்குங்க? அவ்வளவு நமக்கு வேணுமா?

ஒரு படத்தின் அகலம் 8256 புள்ளி, உயரம் 5504 புள்ளி. பெருக்கினால் நாலரைக் கோடி. அங்குலத்துக்கு 300 புள்ளி என்று பிரின்ட் போட்டால் 27½ அங்குல அகலம், 18 அங்குலத்துக்குச் சற்று மேல் உயரம் கிடைக்கும். கிட்டே நின்று பார்த்தாலும் உடையாது.

வேணுமா என்பது வேலையைப் பொறுத்தது. வாட்ஸ்அப்பில் டிசைன் அனுப்ப 2 மெகாபிக்சலே தாராளம். ரோட்டோர ஃபிளெக்ஸுக்கும் தேவையில்லை, அதை யாரும் ஒரு முழ தூரத்தில் நின்று பார்ப்பதில்லை. கொலுசின் ஒற்றைச் சலங்கையை மட்டும் வெட்டி எடுத்துப் பக்கம் முழுக்க அச்சிட வேண்டும், சேலை முந்தானையில் ஜரிகை இழை எண்ணும்படி தெரிய வேண்டும் என்றால்தான் இந்த கேமராவுக்குக் கொடுத்த காசு தேறும்.

போன்லயே 200 மெகாபிக்சல் வருதே, அதைவிட இது கம்மியா?

எண்ணிக்கையில் கம்மிதான். ஆனால் அந்த போன்களில் ஒரு பிக்சலின் அகலம் 0.6 மைக்ரான் அளவு, இதில் 4.35 மைக்ரான். போன் பெரும்பாலான நேரம் 16 பிக்சலைச் சேர்த்து ஒன்றாக்கி, 12 மெகாபிக்சல் சொச்சத்தில்தான் படத்தைத் தருகிறது. 36-க்கு 24 மில்லிமீட்டர் சென்சாருக்கு முன் போனின் சென்சார் பன்னிரண்டில் ஒரு பங்குதான் வரும். நல்ல வெயிலில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. கோயில் மண்டபத்துக்குள் போனதும் தெரிந்துவிடும்.

நிக்கானா, கேனானா? மிரர்லெஸ் வந்தப்புறம் இதுல காசு போடலாமா?

கேனான் 5டிஎஸ், 5டிஎஸ் ஆர் இரண்டும் 2015-இல் வந்தவை, 50.6 மெகாபிக்சல். டி850 வந்தது 2017-இல், 45.7 மெகாபிக்சல் சென்சாரோடு. நுணுக்கத்தில் இரண்டையும் பிரிப்பது கஷ்டம். வித்தியாசம் இருட்டுப் பகுதியில் இருக்கிறது. டி850-இல் அடிப்படை ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) 64, எடிட்டிங்கில் நிழலைத் தூக்கினால் குருணை (நாய்ஸ்) குறைவாக வரும். கையில் எந்த கம்பெனி லென்ஸ் இருக்கிறதோ அதையே தொடருங்கள் என்பதுதான் எங்கள் பதில்.

மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா) விஷயத்தில் ஒளிவுமறைவு வேண்டாம். நிக்கானின் இசட்7 (2018), இசட்8 (2023) இரண்டும் இதே 45.7 மெகாபிக்சல்தான். பாடிக்குள்ளேயே ஆட்டம் தடுக்கும் வசதி உண்டு, கீழே சொல்லும் ஃபோகஸ் விலகல் தொல்லையும் இல்லை. புதிதாகத் தொடங்குபவர் அங்கேயே போகலாம். பழைய எஃப் மவுன்ட் (நிக்கான் டிஎஸ்எல்ஆருக்கான) லென்ஸ்கள் வீட்டில் இருந்தால், ஒரே பேட்டரியில் நாள் முழுக்க ஓட்ட வேண்டும் என்றால், டி850 இன்னும் நல்ல சரக்கு. சிபா (ஜப்பான் கேமரா தயாரிப்பாளர் சங்கம்) சோதனைக் கணக்குப்படி ஒரு சார்ஜில் 1840 படம்.

என்கிட்ட பழைய 18-55 இருக்கு, அதையே மாட்டிக்கலாமா?

மாட்டலாம். ஆனால் அது சின்ன சென்சாருக்கான டிஎக்ஸ் லென்ஸ். கேமரா தானாகவே நடுப்பகுதியை மட்டும் எடுத்து 19.4 மெகாபிக்சலாக்கிவிடும். பாதிக்கு மேல் வீண்.

இந்த சென்சாருக்குத் தோதான, கட்டுப்படியாகும் லென்ஸ்கள்: பொதுவான வேலைக்கு 50 எம்எம் எஃப் 1.8 ஜி, எஃப் 5.6-இல் வைத்து (எஃப் எண் ஏறினால் லென்ஸ் துளை சிறுக்கும்). நகைக்கும் பூவுக்கும் 60 அல்லது 105 எம்எம் மைக்ரோ (மிக நெருங்கி எடுக்கும் லென்ஸ்). இரண்டில் ஒன்று என்றால் 105. லென்ஸ் முனைக்கும் பொருளுக்கும் இடையே விளக்கு வைக்க இடம் கிடைக்கும். 60-ஐ முழு அளவு நெருக்கத்துக்குக் கொண்டுபோனால் லென்ஸின் நிழலே கொலுசின் மேல் விழும்.

கையில பிடிச்சு எடுத்தா ஏன் மசமசன்னு வருது? பழைய கேமராவுல இப்படி வரலையே!

பழையதிலும் ஆட்டம் இருந்தது, தெரியவில்லை, அவ்வளவுதான். பிக்சல் பொடியாகப் பொடியாக, அதே ஆட்டம் கூடுதல் பிக்சல்களைத் தாண்டி இழுபடுகிறது. 100 எம்எம் லென்ஸுக்கு 1/100 வினாடி என்ற பழைய கணக்கு இங்கே செல்லாது. 1/200 வையுங்கள். முழு அளவில் பார்த்துத் திருப்தியாக இருக்க வேண்டும் என்றால் 1/300-க்குக் கூட்டுங்கள். இதற்காக ஐஎஸ்ஓ 400, 800 வரை ஏற்றுவதில் தப்பே இல்லை. குருணையை அப்புறம் குறைக்கலாம், ஆட்டத்தை எடுக்க முடியாது.

ட்ரைபாட்ல வச்சும் லேசா ஆடின மாதிரி இருக்கே?

1/2 வினாடியிலிருந்து 1/60 வரை உள்ள வேகங்களில்தான் இது அதிகம். உள்ளே கண்ணாடி மேலே அடிக்கும் அதிர்வும், ஷட்டர் திரை ஓடும் அதிர்வும் அந்த நேரத்துக்குள் முடிவதில்லை. ரிலீஸ் மோட் டயலை எம்-அப்-க்கு (கண்ணாடியை முன்கூட்டியே தூக்கும் முறை) திருப்புங்கள். கஸ்டம் மெனுவின் டி பகுதியில் எலக்ட்ரானிக் ஃபிரன்ட் கர்ட்டன் ஷட்டரை ஆன் செய்யுங்கள். டயல் எம்-அப்-இலோ க்யூ-இலோ (சத்தம் குறைந்த முறை) இருந்தால்தான் அது வேலை செய்யும், சாதாரண எஸ்-இல் (ஒற்றைப் படம்) செய்யாது. பலபேர் மெனுவில் ஆன் செய்துவிட்டு டயலை விட்டுவிடுகிறார்கள்.

பத்து முள் கேபிளை மாட்டி ஒருமுறை அழுத்தினால் கண்ணாடி ஏறும். இரண்டு வினாடி விட்டு மறுபடி அழுத்தினால் படம். கேபிள் இல்லையா? டயலை க்யூ-இல் வைத்து எக்ஸ்போஷர் டிலே 3 வினாடி கொடுங்கள்.

ஸ்டாண்டில் நிற்கும்போது லென்ஸின் விஆர் (ஆட்டம் தடுக்கும்) சுவிட்சை அணைத்துவிடுங்கள். நடுக்கம்பியை உயர்த்தாமல் கால்களை நீட்டுங்கள். மாடிக் கடையாக இருந்தால் பஸ் போகும்போது தளமே அதிரும், அது கடந்த பிறகு அழுத்துங்கள். நேரம் நீண்ட எக்ஸ்போஷரில் வியூஃபைண்டர் பக்கத்துச் சின்ன நெம்புகோலைத் தள்ளி ஐபீஸை மூடினால் பின்னாலிருந்து வெளிச்சம் கசியாது.

கண்ணுல ஃபோகஸ் வைக்கிறேன், காதுல விழுது. கேமரா ரிப்பேரா?

ரிப்பேர் இல்லை. டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸ் பார்க்கும் சென்சார் வேறு, படம் பதியும் சென்சார் வேறு. இரண்டின் தூரத்திலும் மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் 45 மெகாபிக்சல் காட்டிக்கொடுத்துவிடும். இதைச் சரிக்கட்டத்தான் ஏஎஃப் ஃபைன் டியூன்.

கேமராவை ஸ்டாண்டில் வைத்து, சுவரில் செய்தித்தாள் மாதிரி கறுப்புவெள்ளைத் தெளிவுள்ள ஒன்றை நேராக ஒட்டுங்கள். தூரம் லென்ஸின் நீளத்தைப் போல சுமார் 40 மடங்கு, அதாவது 105-க்கு நாலு மீட்டர் சொச்சம். அபெர்ச்சரை முழுக்கத் திறந்து, லைவ் வியூவில் (பின்திரையில் பார்த்து), ஏஎஃப்-எஸ் முறையில் (ஒருமுறை பிடித்து நிறுத்தும் ஃபோகஸ்), நடுப்புள்ளியை வைத்து ஃபோகஸ் செய்யுங்கள். பிறகு லென்ஸுக்குப் பக்கத்தில் உள்ள ஏஎஃப் மோட் பட்டனையும் சிவப்பு வீடியோ பட்டனையும் சேர்த்து இரண்டு வினாடிக்கு மேல் அழுத்துங்கள். கேமராவே அளந்து ஒரு எண்ணைக் காட்டும், ஒப்புக்கொண்டால் பதிந்துகொள்ளும். ஒரே தடவையோடு நிறுத்தாதீர்கள், ஒவ்வொரு முறையும் எண் கொஞ்சம் மாறும். நாலைந்து முறை எடுத்துச் சராசரியை மைனஸ் 20 முதல் பிளஸ் 20 வரையுள்ள அளவுகோலில் கையால் போடுங்கள். ஜூம் லென்ஸுக்கு ஒரே எண்தான் போட முடியும், அதிகம் பயன்படுத்தும் நீளத்தில் அளந்துகொள்ளுங்கள்.

அசையாத பொருளுக்கு இந்தப் பாடே வேண்டாம். லைவ் வியூவில் பெரிதாக்கிப் பார்த்து கையால் ஃபோகஸ் செய்தால் போதும்.

கொலுசை எஃப் 22-ல வச்சா முன்னாடி பின்னாடி எல்லாம் ஷார்ப்பா வரும்தானே?

எல்லாம் ஒரே அளவு மங்கலாக வரும். துளை சிறுத்தால் ஒளி விளிம்பில் சிதறிப் பரவும். எஃப் 8-இல் ஒரு புள்ளி ஒளி இந்த சென்சாரில் சுமார் இரண்டரை பிக்சல் அகலத்துக்கு விரிகிறது, எஃப் 22-இல் ஏழு பிக்சலுக்கு. 45 மெகாபிக்சலுக்குக் காசு கொடுத்து எஃப் 22-இல் எடுப்பது, பட்டு வாங்கி முரட்டுத் துவைப்பில் போடுவது மாதிரி.

நெருங்கி எடுக்கும்போது இன்னொரு சிக்கல் உண்டு. பொருள் சென்சாரில் முழு அளவில் விழும்படி நெருங்கினால், எஃப் 8 என்பது ஏறக்குறைய எஃப் 16 ஆக நடந்துகொள்ளும். நிக்கான் மைக்ரோ லென்ஸில் இந்தக் கூட்டல் போட்ட எண்ணையே கேமரா காட்டுகிறது. எஃப் 2.8 லென்ஸ் கிட்டே போனதும் 2.8 காட்டவில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகவேண்டாம், அது சரிதான். முழுக் கொலுசு சட்டத்துக்குள் வரும் தூரத்தில் எஃப் 8 முதல் 11 வரை வைத்துக்கொள்ளுங்கள். ஆழம் போதவில்லையென்றால் அடுத்த கேள்வி.

அப்போ ஃபோகஸ் ஸ்டாக்கிங்தான் வழியா? கேமராவே செஞ்சு குடுத்துருமா?

ஃபோகஸை முன்னிருந்து பின்னாகக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பல படம் எடுத்து, தெளிவான பகுதிகளை ஒன்றாக ஒட்டுவதுதான் ஸ்டாக்கிங். கேமரா படங்களை எடுத்துக் கொடுக்கும், ஒட்டிக் கொடுக்காது. ஃபோட்டோ ஷூட்டிங் மெனுவில் ஃபோகஸ் ஷிஃப்ட் ஷூட்டிங் இருக்கிறது. உள்ளேயே மோட்டார் உள்ள ஏஎஃப்-எஸ் வகை லென்ஸ் வேண்டும், பழைய டி வகை லென்ஸில் வேலை செய்யாது. லென்ஸ் அருகிலிருந்து தூரத்தை நோக்கித்தான் நகரும். அதனால் பொருளின் மிக முன்பகுதியில், அதற்கும் ஒரு மயிரிழை முன்னால், ஃபோகஸை வைத்துத் தொடங்குங்கள். முன் சலங்கை மட்டும் மங்கலாக இருக்கும் ஸ்டாக்குகளில் பாதி இந்த இடத்தில்தான் கெடுகின்றன.

படி அகலம் 1 முதல் 10 வரை, எண்ணிக்கை 300 வரை. எஃப் 8-இல் படி 3, எண்ணிக்கை 30 என்று தொடங்கிப் பாருங்கள். பின்பகுதி வருவதற்குள் முடிந்துவிட்டால் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். இரண்டு படங்களுக்கு நடுவே மங்கலான பட்டை தெரிந்தால் படியைக் குறையுங்கள். ஃபிளாஷ் என்றால் அது மறுபடி சார்ஜ் ஆகும் அளவுக்கு இடைவெளி கொடுங்கள். சைலன்ட் முறை ஆனில் இருந்தால் ஃபிளாஷ் எரியவே எரியாது, எல்இடி வெளிச்சத்திலோ குறுக்குப் பட்டைகள் விழ வாய்ப்பு உண்டு. கடைக்குள் எடுப்பவர்கள் அதை ஆஃப் செய்துவிடுவது நல்லது.

ஒட்டுவதற்கு ஹெலிகான் ஃபோகஸ், ஜெரீன் ஸ்டாக்கர், இல்லையென்றால் போட்டோஷாப். பூ என்றால் காற்று எதிரி. ஏற்காடு தேசிய ஆர்க்கிட் தோட்டத்தில் போலத் திறந்தவெளியில் பூத்தது லேசாக ஆடினாலும் ஸ்டாக் கெடும். காற்று எழும்முன் காலையிலேயே முடித்துவிடுங்கள். கோடைமழைக்குப் பின் பூக்கும் காப்பிப்பூ இரண்டு மூன்று நாளில் வாடிவிடும், மறுவாரம் பார்க்கலாம் என்று தள்ளினால் அடுத்த வருஷம்தான்.

வெள்ளி ஒரு பக்கம் எரிஞ்சு போகுது, ஒரு பக்கம் கறுப்பா நிக்குது. பில்டர் எதாச்சும் போடணுமா?

பாலிஷ் போட்ட வெள்ளி கண்ணாடிதான். எதிரே என்ன இருக்கிறதோ அதைக் காட்டும். எரிவது உங்கள் பல்பு, கறுப்பு உங்கள் சட்டை. போலரைசர் உதவாது, தண்ணீரிலும் இலையிலும் வரும் பளபளப்பைத்தான் அது வெட்டும். வெறும் உலோகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியில் அதற்கு வேலை இல்லை.

கொலுசைச் சுற்றிக் கூடாரம்போல் டிரேசிங் ஷீட் கட்டி, வெளியிலிருந்து விளக்கு அடியுங்கள். விளக்குக்கும் தாளுக்கும் ஒரு அடி இடைவெளி இருந்தால் வெளிச்சம் பரவலாக விழும். முழுக்க வெள்ளையாகச் சூழ்ந்தால் நகை தட்டையாகிவிடும். அதனால் இரண்டு விரல் அகலக் கறுப்பு அட்டைகளை உள்ளே ஓரமாக நிறுத்துங்கள். ஒவ்வொரு மணியின் விளிம்பிலும் மெல்லிய கறுப்புக் கோடு விழும், வளைவு அதில்தான் தெரிகிறது. அட்டையை ஒரு அங்குலம் நகர்த்தினால் போதும், கோடு இடம் மாறும். இதற்கு அரை மணி நேரம் ஆனாலும் ஆகட்டும். வெளிச்சம் அளப்பதற்கு ஹைலைட் வெயிட்டட் மீட்டரிங் (பளிச்சென்ற பகுதி எரியாமல் காக்கும் முறை). வெள்ளை காப்பிப்பூவுக்கும் இதுவே.

எடுப்பதற்கு முன் கையுறை போட்டு, மெல்லிய துணியால் துடையுங்கள். விரல் ரேகை, பஞ்சு நூல், பற்றாசு வைத்த இடம் எல்லாமே இந்த சென்சாரில் தெரியும். கறுத்த வெள்ளியை போட்டோஷாப்பில் வெளுப்பதைவிடப் பட்டறையில் ஒரு பாலிஷ் போடச் சொல்வது சீக்கிரம்.

சேலையில வானவில் கலர்ல கோடு கோடா வருதே, துணி அப்படி இல்லையே?

அது மொயரே. நெசவின் இழை வரிசையும் சென்சாரின் பிக்சல் வரிசையும் கிட்டத்தட்ட ஒரே அளவாகும்போது இல்லாத கோடு பிறக்கிறது. இதைத் தடுக்கும் லோபாஸ் ஃபில்டர் டி850-இல் கிடையாது. நுணுக்கம் கூடுவதற்காக எடுத்துவிட்டார்கள், அதற்கு விலை இது. சின்னத் திரையில் தெரிவதை நம்பாதீர்கள், சுருக்கிக் காட்டும்போதும் பொய்க்கோடு வரும். முழு அளவில் பாருங்கள்.

இருந்தால், ஒரு அடி முன்னாலோ பின்னாலோ நகருங்கள், அல்லது கேமராவைச் சில டிகிரி திருப்புங்கள். மாடல் நிற்கும் இடத்தை மாற்ற முடியாதென்றால் எஃப் 16-க்குப் போங்கள். மேலே கெடுதல் என்று சொன்ன ஒளிச்சிதறல் இங்கே மருந்து. எடிட்டிங்கில் மொயரே பிரஷ் நிறத்தைத்தான் போக்கும், வெளிர் கறுப்புக் கோடு அப்படியே இருக்கும்.

தாரமங்கலம் கோயில் தூணெல்லாம் எப்படி எடுக்கறது? உள்ள ஒரே இருட்டு.

முதலில் கோயில் அலுவலகத்தில் கேளுங்கள், ஸ்டாண்டுக்குத் தனியாக. அனுமதி கிடைத்தால் ஐஎஸ்ஓ 64, எஃப் 8, ஷட்டர் ஒன்றிரண்டு வினாடி, எம்-அப். கைலாசநாதர் கோயிலின் கல்சங்கிலியும், யாளி வாயில் உருளும் கல் உருண்டையும் வெளிச்சம் பக்கவாட்டில் வரும்போதுதான் உளி தடத்தோடு நிற்கும். நேரே முன்னாலிருந்து ஃபிளாஷ் அடித்தால் கல் சுண்ணாம்பு பூசினதுபோல் ஆகிவிடும். கோபுர வாசல் பக்கம் சாய்வெயில் விழும் நேரத்தைப் பார்த்துப் போங்கள்.

ஸ்டாண்ட் கூடாது என்றால் ஐஎஸ்ஓ 1600, 1/125, தூணில் தோள் சாய்த்து மூன்று நான்கு படம் தொடர்ச்சியாக. அதில் ஒன்று தேறும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கிறேன் என்று சிற்பத்தில் கை வைக்காதீர்கள்.

ஏற்காடு லேடீஸ் சீட்ல இருந்து சேலம் டவுனை எடுத்தா வீடெல்லாம் கலங்கலா தெரியுது. லென்ஸ் பத்தலையா?

லென்ஸ் என்ன செய்யும்? நடுவே கிலோமீட்டர்கணக்கில் காற்று இருக்கிறது, ஆயிரம் மீட்டருக்கு மேல் இறக்கம். மதியத்தில் கீழே சூடேறிய காற்று கொதித்து எழும்போது விளிம்புகள் நெளியும். அதை எந்த மெகாபிக்சலும் தாண்டாது. வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்த மறுநாள் விடியற்காலை, தூசி கழுவி விடப்பட்ட நேரம், இதற்கு ஏற்றது. மூடுபனி இறங்கிவிட்டால் அன்றைக்குக் காப்பித்தோட்டப் பக்கம் போய்விடுங்கள்.

கார்டு சட்டுனு ரொம்பிருது, கம்ப்யூட்டர் திணறுது. என்ன பண்ண?

14 பிட், லாஸ்லெஸ் சுருக்கத்தில் ஒரு ரா கோப்பு (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருப்பது) சுமார் 52 மெகாபைட். சுருக்காமல் எடுத்தால் 90-ஐத் தாண்டும், கண்ணுக்குக் கூடுதலாக எதுவும் கிடைக்காது. கல்யாண மண்டபத்தில் எல்லாமே நாலரைக் கோடிப் புள்ளியாக வேண்டாமே, ரா அளவை எம்-க்கு மாற்றினால் 25 மெகாபிக்சல்.

முதல் துளைக்கு எக்ஸ்கியூடி கார்டு. 1.20 ஃபர்ம்வேருக்குப் பிறகு சிஎஃப்எக்ஸ்பிரஸ் டைப் பி-யும் ஏற்கும், ஏற்காவிட்டால் அப்டேட் பாருங்கள். இரண்டாவதில் யுஎச்எஸ்-2 எஸ்டி. கம்ப்யூட்டரில் ராம் 32 ஜிபி. 16 பிட் டிஃப் ஆக்கினால் ஒரு படம் 270 மெகாபைட், முன்னே சொன்ன 30 பட ஸ்டாக் 8 ஜிபி ஆகிவிடும்.

வானத்துல கறுப்புப் புள்ளி இருக்கு, எங்க துடைக்கணும்னு தெரியல.

எஃப் 16-இல் வெறும் வானத்தை ஃபோகஸ் இல்லாமல் எடுங்கள், எல்லாப் புள்ளியும் தெரியும். படத்தின் மேல்பக்கம் இருக்கும் புள்ளி சென்சாரின் கீழ்ப்பக்கம் இருக்கும். இடம் வலம் மாறாது, முன்னாலிருந்து பார்க்கும்போது படத்தின் இடது உங்களுக்கும் இடதுதான். முழு சார்ஜ் பேட்டரியோடு, மெனுவில் சுத்தம் செய்யக் கண்ணாடியைத் தூக்கும் வசதியைப் போட்டு, கேமரா வாய் கீழே பார்க்க, ரப்பர் பம்பால் ஊதுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் துளி ஒட்டினால் அதற்கு மேல் ஸ்வாப் (சென்சார் துடைக்கும் குச்சி) செலவு. ஸ்வாப் 24 மில்லிமீட்டர் அகலம் வாங்கி, ஒரு பக்கம் ஒருமுறை மட்டும் இழுங்கள்.

ஏற்காட்டுல வீடு, லென்ஸ்ல பூஞ்சை வந்துருச்சு. கழட்டித் துடைக்கலாமா?

முன் கண்ணாடியில் மட்டும் இருந்தால் லென்ஸ் திரவத்தில் துடைக்கலாம், உள்ளே இருந்தால் மெக்கானிக். கண்ணாடி அரிக்கப்பட்டு விட்டால் துடைத்தாலும் தடம் போகாது. காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஈரமானி, ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் இருக்கட்டும். ஜெல் நிறம் மாறியதும் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடேற்றினால் மறுபடி உழைக்கும். தோல் உறைக்குள் மழைக்காலத்தில் வைக்கவே கூடாது, அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

குளிர்ந்த கேமரா சூடான ஈரக்காற்றைச் சந்தித்தால் வேர்க்கும். விடியற்காலை ஏற்காட்டில் எடுத்துவிட்டு சேலம் இறங்குபவர்கள், ஏசி அறையிலிருந்து வெளியே வருபவர்கள், ஜிப் கவரில் போட்டு மூடி அரைமணி விட்டுத் திறக்கலாம். வேர்வை கவரின் வெளிப்பக்கம் படியும்.

செகண்ட் ஹேண்ட்ல வாங்கறேன், என்னென்ன பாக்கணும்ங்க?

ஷட்டர் 2 லட்சம் தடவைக்குச் சோதிக்கப்பட்டது. கடைசியாக எடுத்த படத்தின் விவரத்தில் ஷட்டர் எண்ணிக்கை இருக்கும், அதைப் படிக்கும் செயலியை போனில் வைத்துக்கொண்டு போங்கள். பேட்டரி இன்ஃபோவில் வயது 0 முதல் 4 வரை காட்டும், 4 என்றால் புது பேட்டரி விலையைக் கழித்துப் பேசுங்கள். எக்ஸ்கியூடி துளைக்குள் டார்ச் அடித்து முள் வளைந்திருக்கிறதா பாருங்கள்.

மூடி போட்டு ஐஎஸ்ஓ 64-இல் 30 வினாடி எடுத்தால், எரிந்த பிக்சல்கள் வண்ணப் புள்ளியாகத் தெரியும், சிலது இருப்பது சகஜம். மேலே சொன்ன வானப் படத்தையும் எடுங்கள், ஊதியும் போகாத கீறல் இருந்தால் வேண்டாம். உங்கள் லென்ஸை மாட்டி ஃபோகஸ் விலகலையும் பாருங்கள். பிளஸ் 20 வைத்தும் சரிவராத பாடி எங்கோ கீழே விழுந்ததாக இருக்கலாம், லென்ஸ் வளையத்தைச் சுற்றியுள்ள திருகுகளில் கீறல் தெரிகிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள்.